லலிபெலா பாறைக்குடைவுத் தேவாலயங்கள்

லலிபெலா பாறைக்குடைவுத் தேவாலயங்கள் என்பன எத்தியோப்பியாவின் அம்காரா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் உள்ள லலிபெலா நகரில் அமைந்துள்ள 11 தேவாலயங்கள் ஆகும். யுனெசுக்கோ 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதலாவது உலக பாரம்பரியக் களப் பட்டியலில் இவை இடம்பெற்றன.

வரலாறு

இந்நகரின் பழைய பெயர் ரோகா. 12 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சிபுரிந்த சாக்வே மரபு மன்னர் லலிபெலா, எருசலேமை நினைவூட்டும் திருத்தலமாக இவற்றை உருவாக்கினார் என்பது மரபு. இங்குள்ள நீர்க்காலும் யோர்தான் என்றே அழைக்கப்படுகிறது. சில பகுதிகள் அவர் காலத்துக்கு முற்பட்டவை என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். 1520களில் இங்கு வந்த போர்த்துக்கேயப் பாதிரியார் பிரான்சிசுக்கோ ஆல்வாரெசு, இவற்றைப் பற்றி எழுதிய முதல் ஐரோப்பியர் ஆவார்.

அமைப்பு

இவை கல்லடுக்கிக் கட்டப்பட்டவை அல்ல. மென்மையான எரிமலைப் பாறையில் முதலில் ஆழமான அகழி வெட்டப்பட்டு, நடுவே எஞ்சிய பாறை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. பின்னர் உட்புறம் குடையப்பட்டுத் தூண்களும் வளைவுகளும் உருவாக்கப்பட்டன. சில தேவாலயங்கள் நாற்புறமும் தனித்து நிற்கின்றன. ஏனையவை பாறையுடன் ஒட்டியுள்ளன. உலக மீட்பர் இல்லம் எனப் பொருள்படும் பெத்தெ மெதானி ஆலெம் இவற்றுள் மிகப் பெரியது. சிலுவை வடிவிலான பெத்தெ கியோர்கிசு ஏனையவற்றிலிருந்து விலகி அமைந்துள்ளது.

வருகையாளர்

தேவாலயங்களைச் சுரங்கவழிகளும் குறுகிய அகழிப் பாதைகளும் இணைக்கின்றன. இருண்ட சுரங்கங்களைக் கடக்கக் கைவிளக்கு உதவும். இவை இன்றும் எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையின் வழிபாட்டிடங்களாதலால், காலணிகளைக் கழற்றிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். கென்னா எனப்படும் கிறித்து பிறப்பு விழாவின்போது (பெரும்பாலும் சனவரி 7) வெண்ணிற ஆடை அணிந்த பல்லாயிரம் திருப்பயணிகள் இங்கு கூடுகின்றனர்.

பாதுகாப்பு

மழைநீர்க் கசிவால் பாறையில் விரிசல்கள் ஏற்பட்டுள்ளன. தனிப்பாறையில் செதுக்கப்பட்டதால், சிதைந்த பகுதியைக் கட்டடத்தில் மாற்றுவதுபோல் எளிதில் மாற்ற இயலாது. சில தேவாலயங்களின் மேல் 2008 ஆம் ஆண்டில் பாதுகாப்புக் கூரைகள் அமைக்கப்பட்டன. மழையைத் தடுத்தபோதிலும், அவற்றின் பாரத்தால் பாறைக்குத் தீங்கு நேரலாம் என்ற அச்சம் உள்ளூர் மக்களிடையே எழுந்தது. 2021 ஆகத்து மாதத்தில் திக்ரே படையினர் நகரைக் கைப்பற்றினர். அவ்வாண்டு திசம்பரில் அரசுப் படைகள் அதனை மீட்டன. அக்காலத்தில் சுற்றுலா முடங்கியதால், அதனை நம்பியிருந்த மக்கள் வருவாய் இழந்தனர்.