தவணை குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

தோட்டத்தில் ஆங்கிலக் கடிதம் வந்தால் பொருள் கேட்க மக்கள் பள்ளி ஆசிரியரையும் நாடுவர். கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இது பழகிப்போன வழக்கம். அக்கடிதங்களில் இடர் விளைவிப்பவை அரிய சொற்கள் அல்ல. தவணை கூறும் சிறு சொற்களே.

'பத்தாம் தேதிவரை விடுப்பு', 'பத்தாம் தேதிவரை பணம் கட்டலாம்' என இரண்டிலும் தமிழில் 'வரை' என்கிறோம். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கும். தொடர்ந்து நிகழ்வதற்கு 'அன்டில்'. ஒருமுறை செய்து முடிப்பதற்கு 'பை'. மாணாக்கர் 'பே அன்டில் தி டென்த்' என்று எழுதினால், அதுவரை கட்டிக்கொண்டே இரு என்று பொருளாகிவிடும்.

'பை' என்பதிலும் ஓர் ஐயம் உண்டு. பத்தாம் தேதி சேருமா, சேராதா? 'ஆன் ஆர் பிஃபோர்' என்றோ 'நாட் லேட்டர் தேன்' என்றோ எழுதினால் அவ்வையம் நீங்கும். 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், சம்பளக் காலம் முடிந்தபின் ஏழாம் நாளுக்குப் பிந்தாமல் சம்பளம் தரவேண்டும் என்று கூறுமிடத்தில் 'நாட் லேட்டர் தேன்' என்றே ஆள்கிறது. ஏழாம் நாளும் தவணையுள் அடங்கும்.

'இன் டென் டேஸ்' என்றால் பத்து நாள் கழித்து என்றும் கொள்ளலாம். 'வித்தின் டென் டேஸ்' என்றால் பத்து நாளுக்குள் என்பதில் மயக்கமில்லை.

இனி, எண்ணும் முறை. வேலைநீக்கம் பெற்றவர் மீண்டும் வேலை கோரி முறையிட, 1967ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் நீக்கத்திலிருந்து 60 நாள் தருகிறது. பிந்திய முறையீடு ஏற்கப்படாது. நிகழ்ச்சி நடந்த நாளை எண்ணலாகாது என்பது நம் நாட்டுப் பொருள்விளக்கச் சட்டங்களின் விதி. மார்ச் 1இல் நீக்கப்பட்டவருக்கு மார்ச் 2 முதல் நாள்; ஏப்ரல் 30 அறுபதாம் நாள். அந்நாள் வார விடுமுறையாகவோ பொது விடுமுறையாகவோ இருந்தால் அடுத்த வேலைநாள் வரை தவணை நீளும்.

இந்த 60 நாளை 'இரண்டு மாதம்' என்று நாம் மொழிபெயர்த்தால், அவர் மே 1 வரை பொறுப்பார். அன்று தொழிலாளர் தின விடுமுறை. தவணையோ முந்தின நாளே கடந்திருக்கும்.

ஆதலின், நாளை நாளாகவும் மாதத்தை மாதமாகவுமே பெயர்க்க. கடிதம் எழுதித் தரும்போது கடைசித் தேதியையும் கிழமையையும் சேர்த்தே குறிக்க. வகுப்பில் இச்சொற்களைக் கற்பிக்கையில் நாட்காட்டியை முன்வைத்து மாணாக்கரை எண்ணச் செய்தல் நலம்.