நாய் கை மாறினால் பெயரும் மாற வேண்டும்!



வீடு மாத்துறவங்க, வெளியூர் போறவங்க, வயசானவங்க எல்லாம் தாங்கள் வளர்த்த நாயைச் சொந்தக்காரங்க கிட்ட விட்டுட்டுப் போவது நம்ம பக்கம் சாதாரணம். சங்கிலியோட கூட்டிட்டு வந்து வாசல்ல கட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறோம். ஆனால் நாய் மட்டும் வந்தால் போதாது. அதன் ஊசிக் கணக்கும், அடையாளமும், ‘இதற்கு இனி பொறுப்பு யார்’ என்பதும் கூடவே வர வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று நாங்கள் செய்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

<b>மணி வந்த கதை</b>

ஆவடியில் இருந்த எங்க அத்தை, மகள் வீட்டோடு தங்க பெங்களூரு போனாங்க. அங்கே மாடி வீடு, நாய் வைக்க முடியாது. அதனால் நாலு வயசு மணி எங்க வீட்டுக்கு வந்தது. மணி சாதாரண நாட்டு நாய்தான். செம்மண் நிறம், வால் நுனி மட்டும் வெள்ளை.

<b>முதல் வேலை: காகிதம்</b>

அத்தை கிட்ட நாங்கள் வாங்கிக்கொண்டவை இரண்டு.

1. தடுப்பூசிப் புத்தகம். கடைசியாக வெறிநாய்க்கடி நோய்க்கு எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று இதில்தான் இருக்கும். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும்போது மறு ஊசி, அப்புறம் வருஷா வருஷம் போட வேண்டும். புத்தகம் இல்லாவிட்டால் போட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

2. ஒரு வெள்ளைத்தாள். நாயின் பெயர், வயது, நிறம், அடையாளம், ஒப்படைத்த தேதி எழுதி, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கையெழுத்துப் போடும்போது அத்தை அழுதுட்டாங்க. “பெத்த பிள்ளையை எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்குடா”ன்னாங்க. அப்பா, “நாயை எழுதி வாங்கலை அக்கா, அதோட பொறுப்பைத்தான் எழுதி வாங்குறேன்” என்றார். எனக்கு அப்போதுதான் அந்தக் காகிதத்தின் அர்த்தம் புரிந்தது.

<b>இரண்டாவது வேலை: மைக்ரோசிப்</b>

மைக்ரோசிப் என்பது ஓர் அரிசி அளவுள்ள சின்னக் கண்ணாடிக் குழாய். ஊசி வழியாக நாயின் இரண்டு தோள்களுக்கும் நடுவில், தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதில் பேட்டரி கிடையாது. படிக்கும் கருவியை மேலே காட்டினால் அந்தக் கருவியின் அலையிலிருந்தே சக்தி எடுத்து, 15 இலக்க எண்ணைக் காட்டும். முதல் மூன்று இலக்கம் நாட்டையோ, தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும்.

கால்நடை டாக்டர் முதலில் கருவியை வைத்து, ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு சிப் வைத்தார். தடுப்பூசி போடும்போது கத்துவது மாதிரி மணி ஒரு தடவை கத்தியது, அவ்வளவுதான். மறுபடி கருவியில் எண் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த எண் அச்சடித்த ஒட்டுத்தாளைத் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டினார். பதிவில் அத்தை பெயர் இல்லாமல், எங்க அப்பா பெயரும் போன் நம்பரும் எழுதப்பட்டது.

<b>தோழிகள் கேட்ட கேள்விகள்</b>

<i>சிப் இருந்தால் நாய் எங்கே இருக்குன்னு போன்ல தெரியுமா?</i>
தெரியாது. சிப்பில் இருப்பது எண் மட்டும்தான். பெயர், விலாசம்கூட அதற்குள் இல்லை. அவை வெளியே உள்ள பதிவேட்டில் இருக்கின்றன. பதிவில் பழைய ஆள் பெயர் இருந்தால், சிப் சரியாக வேலை செய்தாலும் தகவல் தப்பான வீட்டுக்குத்தான் போகும். இங்கிலாந்தில் 2016 ஏப்ரல் 6 முதல் நாய்களுக்குச் சிப் கட்டாயம். அங்கே நாய் கை மாறினால் புதிய உரிமையாளரின் விவரமும் பதிவில் இருக்க வேண்டும்.

<i>5,000 ரூபாய் அபராதமாமே?</i>
அது பெருநகர சென்னை மாநகராட்சி 2025-இல் அறிவித்தது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் அபராதம். உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் சிப்பும் வேண்டும். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, நுங்கம்பாக்கம் முதலிய மாநகராட்சி மையங்களில் சிப் போட்டார்கள். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது, அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இது பொருந்தும். ஆவடி தனி மாநகராட்சி, கிராமங்களுக்கு ஊராட்சி. அவரவர் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

<i>நம்ம ஊர்ல யாரும் கேட்கலையே, அப்புறம் எதுக்கு?</i>
எல்லைக்கோடு நமக்குத்தான். வெறிநோய்க்கு ஏது எல்லை? ஒரு நாய் யாரையாவது கடித்தால் முதல் கேள்வி, “யார் வீட்டு நாய்? ஊசி போட்டிருக்கா?” என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். (கடிபட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். ஊசி போட்ட நாய்தானே என்று சும்மா இருக்கக் கூடாது.)

<b>சிப் மட்டும் போதுமா?</b>

போதாது. இடம் மாறிய நாய் கொஞ்ச நாள் பழைய வீட்டையே தேடும். வந்த பத்தாம் நாள், கேட் திறந்திருந்த நேரம் பார்த்து மணி ஓடிவிட்டது. நாங்கள் தெருத்தெருவாகத் தேடினோம். தம்பி சாப்பிடவே இல்லை. சாயங்காலம் அப்பாவுக்குப் போன் வந்தது. ஆவடி போகும் ரோட்டில் ஒரு டீக்கடையில் மணி படுத்திருக்கிறதாம்! டீக்கடைக்காரரிடம் சிப் படிக்கும் கருவி ஏது? கழுத்துப் பட்டையில் இருந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டார். மணி வந்த அன்றே பட்டையில் அத்தை நம்பரை எடுத்துவிட்டு அப்பா நம்பரை எழுதியிருந்தோம். பழைய நம்பரே இருந்திருந்தால் போன் பெங்களூருவுக்குப் போயிருக்கும்!

பட்டை அறுந்து விழலாம், யாராவது கழற்றியும் விடலாம். சிப் விழாது. ஆனால் அதைப் படிக்க டாக்டரிடம் போக வேண்டும். அதனால் இரண்டும் வேண்டும்.

<b>நினைவில் வையுங்கள்</b>

* தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள்.
* ஒப்படைத்த தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.
* சிப் இருந்தால் பதிவில் பெயர், போன் நம்பரை மாற்றுங்கள். இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். கட்டணத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
* கழுத்துப் பட்டையில் அன்றே புது நம்பரை எழுதுங்கள்.
* போன் நம்பர் மாறினால் பதிவையும் மாற்றுங்கள்.

நாய் நன்றியுள்ள பிராணி என்று எல்லோரும் கட்டுரை எழுதுகிறோம். அதற்கு ஒரு நிரந்தர முகவரி கொடுப்பதுதான் நாம் திருப்பிச் செய்யும் நன்றி.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி