கணையத் திட்டுகளின் ஹார்மோன்களும் செரிமான நொதிச் சுரப்பும்

முன்னுரை

கணையம் இருவகைச் சுரப்புகளைக் கொண்ட உறுப்பாகும். அதன் பெரும்பகுதியாக அமைந்த அசினி செல்கள் அமிலேஸ், லிப்பேஸ், டிரிப்சினோஜன் முதலியவற்றை உண்டாக்கி, நாளத்தின் வழியே முன்சிறுகுடலுக்கு அனுப்புகின்றன. 1869ஆம் ஆண்டு பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்த செல் திட்டுகள் கணைய எடையில் 1 முதல் 2 விழுக்காடே ஆயினும், ஹார்மோன்களை நேரே குருதியில் சேர்க்கின்றன. பாடநூல்கள் இவ்விரு பணிகளையும் தனித்தனி இயல்களில் கூறுவதால், அவை தொடர்பற்றவை என்னும் எண்ணம் எளிதில் தோன்றுகிறது. திட்டுகளின் ஹார்மோன்கள் நொதிச் சுரப்பையும் நெறிப்படுத்துகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குருதியோட்டப் பாதை

திட்டுகளுக்குள் பாயும் குருதியின் ஒரு பகுதி, பொதுச் சுற்றோட்டத்தில் கலக்கும் முன்னரே அருகிலுள்ள அசினி செல்களைச் சூழ்ந்த தந்துகிகளை அடைகிறது. ஆகவே அச்செல்கள் பெறும் ஹார்மோன் செறிவு, உடலின் பிற பகுதிகள் பெறுவதைவிடப் பன்மடங்கு மிகுதியாகும். எலிகளின் கணையத்தில் திட்டுகளை ஒட்டிய அசினி செல்கள், தொலைவிலுள்ளவற்றைவிடப் பெரியனவாகவும் நொதித் துகள்கள் மிக்கனவாகவும் காணப்படுவது இத்தொடர்பைக் காட்டுகிறது.

தூண்டும் ஹார்மோன்

அசினி செல்களில் இன்சுலின் ஏற்பிகள் உள்ளன. உணவு குடலை அடைந்ததும் வெளிப்படும் கோலிசிஸ்டோகைனின், நொதிச் சுரப்பைத் தூண்டுகிறது. இன்சுலின் அத்தூண்டலை வலுப்படுத்துகிறது. நொதி உற்பத்தியிலும் இன்சுலினுக்குப் பங்குண்டு. பீட்டா செல்கள் அழிக்கப்பட்ட எலிகளில் கணைய அமிலேஸும் அதற்குரிய தூது ஆர்.என்.ஏ.வும் பெரிதும் குறைகின்றன. இன்சுலின் செலுத்தியபின் மீள்கின்றன. எல்லா நொதிகளும் இவ்வாறு குறைவதில்லை. மாவுப்பொருளைச் சிதைக்கும் நொதியும், அதனால் கிடைக்கும் குளுக்கோஸைச் செல்கள் ஏற்கச் செய்யும் ஹார்மோனும் இவ்வாறு இணைந்திருப்பது கருதத்தக்கது.

தடுக்கும் ஹார்மோன்கள்

டெல்டா செல்களின் சோமடோஸ்டேடின் நொதிச் சுரப்பைக் குறைக்கிறது. இதனை ஒத்த செயற்கை மருந்தாகிய ஆக்டிரியோடைடு, கணைய அறுவைக்குப் பின் நீர்க்கசிவைக் குறைக்கப் பயன்படுத்தப்படுகிறது. கணையப் பாலிபெப்டைடு பெரும்பாலும் வேகஸ் நரம்பின் வழியே சுரப்பைத் தணிக்கிறது. குளுகான் உடலினுள் சுரப்பைக் குறைப்பினும், பிரித்தெடுத்த திசுக்களில் பெறப்பட்ட முடிவுகள் ஒருபடித்தானவை அல்ல.

முடிவுரை

முதல் வகை நீரிழிவு நோயாளிகள் சிலரிடம் கணையம் சிறுத்தும், மலத்தில் எலாஸ்டேஸ் நொதி குறைந்தும் காணப்படுகின்றன. இன்சுலின் இழப்போடு நரம்புச் சிதைவும் இதற்குக் காரணமாகலாம். எனவே இந்நோயாளிகளுக்கு நீடித்த வயிற்றுப்போக்கு, கொழுப்பு மிகுந்த மலம், எடைக்குறைவு ஆகியவை தோன்றினால், குருதிச் சர்க்கரையை மட்டும் காரணமாகக் கொள்ளாது எலாஸ்டேஸ் ஆய்வும் செய்தல் வேண்டும். குறைபாடு உறுதியானால், உணவோடு உட்கொள்ளும் நொதி மாத்திரைகளால் அதனை ஈடுசெய்ய இயலும்.