நிர்வாகியின் நடத்தை: நாற்புறமும் கேட்டறிக

கொல்லிமலையின் வாசலூர்பட்டியில் குடியானவர் ஒருவர் தம் மிளகை விற்க உள்ளூர்ச் சங்கத்திற்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடையில் குறைவில்லை, விலையும் நியாயமே. ஆனால் நிர்வாகி அவரை நெடுநேரம் நிற்கவைத்துக் கடுஞ்சொல் கூறி அனுப்புகிறார். மறுமுறை அவர் அப்படியேறமாட்டார். தரகரிடமே மிளகைக் கொடுத்துவிடுவார். இந்த நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் பதிவாவதில்லை.

கணக்கைச் சரிபார்க்கத் தணிக்கை உண்டு. நடத்தையை அறிவது எங்ஙனம்? மேலதிகாரியின் கருத்து மட்டும் போதாது. மேலோரிடம் பணிவும் எளியோரிடம் எரிச்சலும் காட்டுவோர் உளர். ஆதலின் மேலதிகாரி, உடன் பணிபுரிவோர், கீழ்ப்பணியாளர், சேவை பெறும் மக்கள் ஆகிய நான்கு திறத்தாரையும் வினவுதல் வேண்டும்.

‘அவர் நல்லவரா?’ என்று கேட்பதில் பயனில்லை. நிகழ்ந்ததையே கேட்க வேண்டும். சென்ற முறை உமது குறையை முழுவதும் கேட்டாரா? இயலாதெனில் காரணம் கூறினாரா? சொன்ன நாளில் செய்தாரா? பெண்களுக்கும் ஏழைகளுக்கும் அதே மரியாதை கிடைத்ததா?

சிற்றூரில் ஒருவர் கையெழுத்தை மற்றவர் அறிவர். ஆகவே பெயரின்றி, குறி மட்டும் இட்டுப் பெட்டியில் போடச் செய்க. எழுத்தறியாதாரிடம் வெளியூர் அன்பர் ஒருவர் தனித்துக் கேட்டுக் குறிக்கலாம். விடைகளைத் தொகுத்தே வெளியிடுக. ஒரு திறத்தில் ஓரிருவரே இருப்பின் அவர்கள் விடையைத் தனியே காட்டலாகாது.

மத்திய அரசின் உயர் பதவித் தேர்வுகளில் பலரிடம் கருத்துக் கேட்கும் முறை கையாளப்பட்டது. அது வெளிப்படையாக இல்லையென 2017-இல் நாடாளுமன்ற நிலைக்குழு குறை கூறிற்று. கருத்துரைத்தவர் பெயர் மறைவாக இருக்கலாம். கண்ட முடிவு உரியவருக்கு மறைவாக இருத்தலாகாது. அவர் தம் விளக்கத்தைக் கூறவும் இடமளிக்க வேண்டும்.

பொதுப் பணிகளின் கணக்கை ஊரறிய ஆராய்தல் நமக்குப் புதிதன்று. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்கலாகாது எனப் பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்தது. ஊரக வேலை உறுதிச் சட்டமும் 2005-இல் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கையை ஒப்படைத்தது. எனினும் ஒருவரது சுபாவத்தை எடுத்தவுடன் சபையில் விவாதித்தால் கட்சிப் பூசலே மிஞ்சும். முதலில் தனியே எடுத்துரைத்துத் திருந்த அவகாசம் தருக. ஆறு மாதம் சென்றபின் அதே வினாக்களை மீண்டும் கேட்டு ஒப்பிடுக. லஞ்சம், மோசடி பற்றிய புகார்களை இதனுடன் கலவாது, சட்டப்படி உரிய இடத்திற்கு அனுப்புக.

கோபத்துடன் திரும்பிய குடியானவர் மீண்டும் சங்கப் படியேறும் நாளே இம்முயற்சி பலித்த நாளாகும்.