முகம் வேறு, குரல் வேலூர்

ஆம்பூரின் ஷூ கம்பெனிகளில் எந்த ஜோடியும் ஒரே கையில் உருவாவதில்லை. தோலை ஒருவர் வெட்டுவார். அதன் ஓரத்தை இன்னொருவர் மெலிதாகச் சீவுவார். மெஷின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து 'அப்பர்' ஆக்குவார்கள். பாதத்தின் அச்சான 'லாஸ்ட்' மீது அதை இழுத்துப் பொருத்தி, அடியில் சோல் ஒட்டினால் ஷூ தயார். கடைசியில் அதன்மேல் பெரும்பாலும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர்தான் ஏறும். வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பவருக்கு ஆம்பூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது.

நம் சினிமாப் பாட்டும் இப்படித்தான் தயாராகிறது. மெட்டு ஒருவருடையது, வரிகள் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. திரையில் தெரியும் முகமோ வேறொருவருடையது. அந்தக் குரல் வேலையை ஏறக்குறைய அரை நூற்றாண்டு செய்தவர், இந்தத் தோல் தொழில் வட்டாரத்தின் நடுநாயகமான வேலூரில் பிறந்தவர். 1945 நவம்பர் 30 அன்று பிறந்தபோது வைத்த பெயர் கலைவாணி. நாடு அறிந்த பெயர் வாணி ஜெயராம்.

அவரைப் 'பின்னணிப் பாடகி' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். உண்மையில் அவர் பார்த்தது ஒரு நடிகையின் வேலையில் பாதி. அந்த வேலை எப்போது இரண்டாகப் பிரிந்தது, பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கை ஒரு நல்ல கணக்கு.

பாடி நடிப்பது என்ற வேலை

அமெரிக்காவின் பிராட்வே நாடகங்களில் இன்றும் பாடி நடிக்கும் நடிகை என்றொரு தொழில் இருக்கிறது. வாரத்துக்கு 8 காட்சிகள். மேடையில் நிற்பவரேதான் பாட வேண்டும். தொண்டை கட்டினால் அன்று மாற்று நடிகை ஏறுவார். முகத்தையும் குரலையும் பிரிக்க அங்கே வழியில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் ஓகோவென்று நடந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'கோவலன்', 'பவளக்கொடி' போன்ற நாடகங்களில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மைக் இல்லாத கொட்டகையில், கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் கேட்கும்படி பாடியாக வேண்டும். அந்தப் பள்ளியின் உச்சம் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமான நந்தனாராகவே நடிக்க அவருக்கு 1 லட்ச ரூபாய் கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்தின் பெரும்பேச்சு. 1953இல் 'அவ்வையார்', 1964இல் 'பூம்புகார்' கவுந்தியடிகள், 1965இல் 'திருவிளையாடல்' என்று திரைக்கு வந்த பிறகும் அவர் முகத்துக்கு அவர் குரல்தான்.

வேலூர்ப் பக்கத்துக்கு இன்னும் பழைய மேடை ஒன்று உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கும்போது விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துதான் அது. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேஷக்காரர் தானே பாடி, தானே பேசி, தானே ஆடுவார். அவர் ஒரு வரியைப் பாடி விட்டதும் பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கிப் பாடுவது பின்பாட்டு. பின்பாட்டுக்காரர் வேஷக்காரரின் குரலைத் தாங்குவாரே தவிர, அவருக்குப் பதிலாகப் பாடுவதில்லை. அந்த மேடையில் திரௌபதியாக வந்தவர்கள் காலங்காலமாக ஆண்கள்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாடத் தெரிந்த ஒரு வேலூர்ப் பெண்ணுக்குச் சொந்த ஊரின் பெரிய மேடையில் இடம் இருக்கவில்லை.

முகத்தையும் குரலையும் பிரித்தது சினிமா. ஆரம்பப் பேசும் படங்களில் நடிகர்களே பாடினார்கள். பாடத் தெரிந்தவர்கள்தான் நடிகர்கள் ஆனார்கள். 1938இல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைப்புக்கு இன்னொருவர் குரல் கொடுத்ததைத் தமிழில் பின்னணிப் பாடலின் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அதுவே முறையாகிவிட்டது. அழகு ஒரு வேலை, குரல் ஒரு வேலை. கலைவாணி வளர்ந்தது இந்தப் பிரிவினை முடிந்துபோன காலத்தில்.

பேங்க் கவுண்ட்டரிலிருந்து பம்பாய்க்கு

குடும்பத்தில் சங்கீதம் இருந்தது. முறையான கர்நாடக இசைப் பயிற்சி சிறுவயதிலேயே தொடங்கியது. எட்டு வயதில் சென்னை வானொலியில் பாடினார். வீட்டில் கற்றது தீட்சிதர் கிருதிகள்; காது மட்டும் ரேடியோ சிலோனின் இந்திப் பாட்டுகளில் கிடந்தது. சென்னை ராணி மேரி கல்லூரியில் படித்து ஸ்டேட் பேங்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. 1967இல் ஹைதராபாத்துக்கு மாற்றல் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ஜெயராமோடு பம்பாய்.

புகுந்த வீட்டில் நாடக மேடையின் வாசம் இருந்தது. மாமியார் பத்மா சுவாமிநாதன், திருச்சி எஃப்.ஜி. நடேச ஐயரின் மகள். நடேச ஐயர் சாதாரண ஆள் இல்லை: திருச்சி ரசிக ரஞ்சன சபாவை நிறுவியவர், பிற்பாடு எம்.கே. தியாகராஜ பாகவதர் ஆன சிறுவனை 'அரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேற்றியவர். பாடி நடித்த தலைமுறையை வளர்த்தெடுத்த குடும்பத்துக்கு, நடிக்காமல் பாடப் போகிற பெண் மருமகளாக வந்தார்.

பம்பாயில் கணவரின் ஊக்கத்தால் உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் இந்துஸ்தானி கற்கத் தொடங்கினார். சாதகம் நாள் முழுக்க நீண்டது. பேங்க் வேலையை விட்டார்.

அப்போது குரலைக் கேட்டவர் வசந்த் தேசாய். இந்திப் படங்களுக்கும் மராத்தி நாடகங்களுக்கும் இசையமைத்தவர். மகாராஷ்டிரத்தில் சங்கீத நாடகம் என்பது 1880இல் கிர்லோஸ்கரின் 'சாகுந்தலம்' தொட்டுத் தொடர்ந்து வரும் மரபு. பெண் வேடமிட்டுப் பாடிய பால கந்தர்வரை அங்கே இன்றும் கும்பிடுவார்கள். தேசாய் இந்தத் தமிழ்ப் பெண்ணை ஒரு மராத்தி நாடகப் பாட்டுக்கு அழைத்தார். கூடப் பாடியவர் யார் தெரியுமா? இந்துஸ்தானியின் மாமேதை குமார் கந்தர்வர். மேடையில் கால் வைக்காமலே வாணியின் குரல் நாடகத்துக்குள் நுழைந்துவிட்டது.

அதே தேசாய் 1971இல் 'குட்டி' என்ற இந்திப் படத்தில் மூன்று பாட்டுகள் கொடுத்தார். ஒன்று மியான் மல்ஹாரில் அமைந்த மழைக்காலப் பாட்டு. இன்னொன்று, வட இந்தியப் பள்ளிகளில் காலை வழிபாட்டுப் பாட்டாகவே நிலைத்துவிட்டது. படத்தின் கதையைக் கவனியுங்கள்: நடிகர் தர்மேந்திரா மீது பைத்தியமாக இருக்கும் பள்ளி மாணவிக்கு, திரையில் தெரிவது முழு உண்மை அல்ல, ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் முகம் தெரியாத பலரின் உழைப்பு இருக்கிறது என்று புரிய வைப்பார்கள். அந்த மாணவியாக நடித்தவர் ஜெயபாதுரி. பாட்டுகளில் அவருடைய வாயிலிருந்து வந்தது வேலூர்க் குரல்.

அன்று பம்பாய் லதா, ஆஷா சகோதரிகளின் கோட்டை. வாணி வளர்ந்து விரிந்தது தெற்கே வந்த பிறகுதான். 1974இல் 'தீர்க்க சுமங்கலி' படத்தில் எம்.எஸ். விஸ்வநாதன் கொடுத்த மல்லிகைப் பாட்டு தமிழ் வீடுகளுக்குள் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

குரல் மட்டும் எப்படி நடிக்கிறது?

'லாஸ்ட்' மேல் அப்பரை இழுக்கும்போது அளவு தப்பக் கூடாது. கொஞ்சம் தளர்ந்தால் சுருக்கம் விழும். கொஞ்சம் இறுகினால் தையல் விடும். இன்னொருவர் முகத்தின் மேல் குரலை இழுத்துப் பொருத்துவதும் அதே வேலைதான். பாடும்போது படமே எடுத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் வித்தியாசம். காட்சி இன்னது, நடிகை இன்னார் என்று இயக்குநர் சொல்வது மட்டுமே அளவு.

1975இல் வந்த கே. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' இதற்குக் கச்சிதமான உதாரணம். கடைசிக் காட்சி ஒரு கச்சேரி மேடை. பாடகி பைரவி மேடையில் இருக்கிறாள். வீட்டை விட்டுப் போன மகள் எதிரில் வந்து நிற்கிறாள். மகள் பாட்டாலேயே கேட்கிறாள், தாய் பாட்டாலேயே பதில் சொல்கிறாள். சபைக்கு அது கச்சேரி. படம் பார்ப்பவருக்கு ஒரு குடும்பத்தின் வழக்கு. தாய்க்கு வாணி, மகளுக்கு பி.எஸ். சசிரேகா. இசைக் கலைஞரின் கம்பீரம் குரலில் குறையக் கூடாது. அதே மூச்சில் தாயின் தவிப்பும் கசிய வேண்டும். கதையை வசனம் முடித்துவைக்கவில்லை, பாட்டு முடித்துவைத்தது. பிராட்வேகாரர்கள் இசை நாடகம் என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. பைரவியாக நடித்த ஸ்ரீவித்யா, எம்.எல். வசந்தகுமாரியின் மகள், தானே நன்றாகப் பாடக்கூடியவர். பாடத் தெரிந்த நடிகை, பாடகி வேடம், அதற்கு இன்னொரு பாடகியின் குரல்! சுந்தராம்பாள் காலத்தில் நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது. அந்தப் படத்தின் இன்னொரு பாட்டு, ஏழு ஸ்வரங்களைப் பற்றிய ராகமாலிகை, வாணிக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்தது.

அடுத்த இரண்டு தேசிய விருதுகளும் தெலுங்குக்கு. இரண்டு படங்களும் கே. விஸ்வநாத் இயக்கியவை, இசை கே.வி. மகாதேவன். முதலாவது 'சங்கராபரணம்'. இரண்டாவது, 1991ஆம் ஆண்டுக்கான விருது பெற்ற 'சுவாதி கிரணம்'. பெரிய வித்துவான் ஒருவர் பாட வந்த சிறுவனின் ஞானத்தைக் கண்டு பொறாமையில் வேகும் கதை. வித்துவான் மம்மூட்டி. சிறுவனின் பாட்டுகளைப் பாடியவர் நாற்பத்தைந்தைத் தாண்டிய வாணி. வயதும் மாறியது, பாலும் மாறியது. கேட்கும்போது பையன்தான் பாடுகிறான். கூத்தில் ஆண் பெண்ணாக வேஷம் கட்டுவார். இவர் குரலாலேயே ஆண்பிள்ளை வேஷம் கட்டினார்.

இடையில் 1979இல் குல்சாரின் 'மீரா'. பண்டிட் ரவிசங்கர் இசையில், ஹேமமாலினியின் மீராவுக்கு வாணியின் குரல். லதா பாட மறுத்துவிட்ட படம் அது. ஃபிலிம்ஃபேர் விருது வாணியைத் தேடி வந்தது.

மொத்தம் 19 மொழிகளில் பாடியவர் என்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் உருது, குடியாத்தம் பக்கம் தெலுங்கு, தெருவெல்லாம் தமிழ் என்று மூன்று பாஷை ஒரே பஸ்ஸில் பேசப்படும் வட்டாரம் இது. அந்த மண்ணின் குணம்தான் இது என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நியாயமாகாது. அவருடைய நாக்கைப் பழக்கியது ஊர்ப்பெருமை அல்ல, சென்னையிலும் பம்பாயிலும் செய்த அசுர சாதகம்.

இரவல் குரலின் கணக்கு

அமெரிக்காவிலும் ஒரு வாணி இருந்தார்: மார்னி நிக்ஸன். ஹாலிவுட் பிராட்வே நாடகங்களைப் படமாக்கியபோது, 1956இல் டெபோரா கெர்ருக்கும் 1961இல் நடாலி வுட்டுக்கும் 1964இல் 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் பாடியவர். பெயர் போடவில்லை. நடிகையே பாடுகிறார் என்று ரசிகர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அவரை மறைத்து வைத்தார்கள். அங்கே இரவல் குரல் என்றால் ஒருவகைத் திருட்டு. வெளியே தெரிந்தால் நடிகைக்கு அவமானம்.

நாம் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. படத்தின் டைட்டிலில் பின்னணி பாடியவர்கள் பெயர் வருகிறது. பாடகர்களுக்கென்று தேசிய விருது இருக்கிறது, தனிக் கச்சேரி இருக்கிறது, தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். இரவல் என்பதை எல்லோரும் அறிந்த ஒரு தொழிலாக்கி, அதற்கு மரியாதையும் கொடுத்தது இந்திய சினிமா. அந்த ஏற்பாடு இல்லையென்றால், வாணி பேங்க் வேலையை விட்டதற்கு அர்த்தமே இருந்திருக்காது.

2023 ஜனவரியில் அவருக்குப் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 4 அன்று சென்னை வீட்டில் 77 வயதில் காலமானார். விருது அறிவிப்புக்கும் மரணத்துக்கும் இடையே இரண்டு வாரம்கூட இல்லை.

அவர் பிறந்தபோது வேலூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தோடு போய்விட்டது. ஷூ கம்பெனி வேன்கள் மட்டும் எல்லை பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வேன்களிலும் பஸ்களிலும் பழைய பாட்டு போடும்போது படம் தெரிவதில்லை. ஸ்ரீவித்யாவும் இல்லை, ஹேமமாலினியும் இல்லை. வானொலியாக இருந்தால் அறிவிப்பாளர் படத்தின் பெயரைச் சொல்லி, இசையமைப்பாளர் பெயரைச் சொல்லி, பாடியவர் வாணி ஜெயராம் என்பார். ஷூவின் உள்பக்க லேபிளில் நாட்டின் பெயர் இருக்கும், தைத்தவர் பெயர் இருக்காது. பாட்டுக்கு அதுவும் இருக்கிறது.