வழக்கில் வென்ற வேம்பு

உகாதியன்று காலை பெங்களூரு வீடுகளில் முதலில் நாவில் படுவது பேவு-பெல்லா: வேம்பும் வெல்லமும். 1993ல் அதே வேப்பங்கொத்து போராட்டச் சின்னமானது. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் கர்நாடகத்தின் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் முன்பு விவசாயிகள் வேப்பங்கிளைகளுடன் திரண்டார்கள். அக்டோபரில் பேராசிரியர் நஞ்சுண்டசாமியின் ராஜ்ய ரைத்த சங்கம் பெங்களூருவில் பிரம்மாண்டப் பேரணி நடத்தியது.

கோபத்துக்கான காரணம் வெகு தூரத்தில் இல்லை. அமெரிக்காவின் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனம், பெங்களூருவின் பி.ஜே. மார்கோவுடன் கைகோர்த்துத் தும்கூரில் வேப்பங்கொட்டை ஆலை தொடங்கியிருந்தது. நாளொன்றுக்கு 20 டன் கொட்டையை அரைக்கும் ஆலை. 1994ல் கிரேஸும் அமெரிக்க விவசாயத் துறையும், பயிர்களைத் தாக்கும் பூஞ்சையை வேப்பெண்ணெய்ச் சாற்றால் ஒழிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவாவும் ஐரோப்பியப் பசுமைக் கட்சியினரும் இயற்கை விவசாய அமைப்பினரும் வழக்காடினார்கள். 1980களின் நடுவிலேயே இந்திய வயல்களில் இது பழக்கத்தில் இருந்தது என்று இந்திய நிறுவன மேலாளர் ஒருவர் சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது; 2005 மார்ச்சில் மேல்முறையீடும் தள்ளுபடி.

பயிருக்குச் சரி, மனிதனுக்கு? அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிய தலைமுறைகளின் நம்பிக்கைக்கு ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் தேடும் வேலை 1942லேயே தொடங்கிவிட்டது. சலிமுஸ்ஸமான் சித்திக்கி என்ற வேதியியலாளர் வேப்பெண்ணெயின் கசப்பிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்று மூன்று பொருட்களைப் பிரித்தெடுத்தார். அதை வெளியிட்டது பெங்களூருவின் 'கரன்ட் சயின்ஸ்' இதழ். (சித்திக்கி பின்னர் பாகிஸ்தான் போய்விட்டார். வேம்புக்கு அங்கேயும் பஞ்சமில்லை.) நிம்பிடின் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்குவதாகவும், நிம்போலைடும் கெடுனினும் மலேரியாக் கிருமிமீது வேலை செய்வதாகவும் பின்னாளில் தெரியவந்தது. எல்லாம் பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்க்குள்தான். மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் எதுவும் வேம்பிலிருந்து இதுவரை வரவில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளும் உண்டு. மணிப்பால் ஆய்வாளர்கள் 36 இளைஞர்களுக்கு ஆறு வாரம் வேப்பிலைச் சாறு கலந்த பற்களிம்பு கொடுத்துப் பார்த்து, பற்படலமும் வாய்க் கிருமிகளும் குறைந்ததாக 2004ல் எழுதினார்கள். வேப்பங்குச்சியால் பல் துலக்கிய தாத்தா சிரித்திருப்பார்.

ஆனால் இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்று நினைப்பவர்கள் மலேசியச் செய்தியை அறிய வேண்டும். சளி இருமலுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்திய வம்சாவளிக் குழந்தைகள் வாந்தியும் வலிப்பும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 1981ல் 'லான்செட்' வெளியிட்டது. மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருந்தன. கைக்குழந்தைக்கு ஒரு பாலாடை வேப்பெண்ணெய் என்ற பாட்டி வைத்தியம் இன்றும் சில வீடுகளில் தொடர்கிறது. உடனே கைவிட வேண்டிய வழக்கம் அது.

எந்தப் பொருள், எவ்வளவு என்பதுதான் சிக்கல். மரத்துக்கு மரம், இலைக்கும் கொட்டைக்கும் சரக்கின் அளவு மாறும். மரம் இவற்றை எப்படிச் சமைக்கிறது என்பதற்கான துப்பு கிடைத்ததும் பெங்களூருவில்தான். எலக்ட்ரானிக் சிட்டியின் கணித் லேப்ஸ் ஆய்வாளர்கள் வேம்பின் மரபணு வரைபடத்தைப் படித்து 2012ல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 மரபணுக்கள். வேர், இலை, தண்டு, பூ ஆகியவற்றில் எவை இயங்குகின்றன என்றும் பார்த்தார்கள்.

ஆய்வுக்கூடத்தில் செய்வது அவ்வளவு சுலபமில்லை. வேம்பின் பூச்சிக்கொல்லிப் பொருளான அசாடிராக்டினைச் செயற்கையாக உருவாக்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவினருக்கு 22 ஆண்டுகளும் 71 படிகளும் தேவைப்பட்டன. 2007ல் வெற்றி கிடைத்தது. விற்பனைக்கு அது கட்டுப்படியாகாது. இன்றும் கம்பெனிகள் நம்பியிருப்பது, ஆனி ஆடியில் மரத்தடியில் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் கட்டும் கொட்டையைத்தான்.