குழாயினுள் வாழும் குருதி

நோயாளர் ஒருவரின் நாளத்திலிருந்து எடுக்கப்பட்ட குருதி, குழாயினுட் புகுந்ததும் உயிரற்ற பொருளாகிவிடுகின்றதெனப் பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. அக்குருதியிலுள்ள கலங்கள் பல மணி நேரம் உயிருடனிருந்து தம் உணவை உட்கொள்கின்றன. வைத்தியசாலை ஆய்வுகூடங்கள் மாதிரிகளைக் காக்கும் முறைகளுட் பல இவ்வொரு காரணத்தால் எழுந்தவை.

குளுக்கோசை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பநிலையில் விடப்பட்ட குருதியில் அது மணிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 5 முதல் 7 வீதம் குறைகின்றது. 100 மில்லிலீற்றருக்கு 132 மில்லிகிராமாக இருந்தது, மூன்று மணி நேரம் தாமதித்துச் சோதிப்பின் 110 அளவாகத் தோன்றலாம். உண்ணாநிலையில் 126 என்பதே நீரிழிவின் எல்லை. ஆகவே நோயுள்ளவர் நோயில்லை என்னும் விடையோடு வீடு திரும்புவார். இதனைத் தடுக்கவே குழாயிற் சோடியம் புளோரைட்டு இடப்படுகின்றது. அது குளுக்கோசை உடைக்கும் நொதியங்களுள் ஈனோலேசு என்பதைத் தடுக்கும். ஆயினும் அதன் முழு ஆற்றல் வெளிப்பட ஒன்றிரண்டு மணி நேரம் செல்லும். அதுவரை இழப்பு நிகழ்ந்துகொண்டேயிருக்கும். ஆதலின் விரைவில் மையநீக்கியிற் சுழற்றித் திரவவிழையத்தைப் பிரித்தலே தக்கது.

அங்ஙனமாயின் எல்லாவற்றையும் குளிரில் வைத்துவிடலாமே எனின், அதுவும் பொருந்தாது. செங்குழியத்தினுள்ளே பொற்றாசியம் வெளியிலுள்ளதினும் இருபது மடங்கிற்கு மேலாகச் செறிந்துள்ளது. அதனை அவ்வாறு நிறுத்திவைப்பது கலமென்சவ்விலுள்ள பம்பி. குளிரில் அது தளர, பொற்றாசியம் வெளியே கசியும். கலங்கள் உடையாமலே இது நிகழ்வதால் திரவவிழையம் சிவப்பதில்லை. கண்ணுக்கு எதுவும் புலப்படாது. இல்லாத மிகையை நம்பி மருந்து கொடுத்தால் இதயத்துடிப்பே பிறழக்கூடும். பொற்றாசியத்திற்கான குருதியைப் பிரித்த பின்னரே குளிரிலிடுதல் வேண்டும்.

மூளைக்காய்ச்சல் ஐயத்தில் எடுக்கப்படும் முண்ணாண் பாய்பொருளைக் குளிரில் வைப்பின் மெனிங்கோக்கொக்கசுப் பற்றீரியா மடிந்து, வளர்ப்பிலே தோன்றாது போகலாம். சிறுநீரோ குளிரில் வைக்கப்படாவிடின் பற்றீரியா பெருகிப் பொய்யுரைக்கும்.

கையாள்பவரின் காப்பும் இதனோடு இணைந்ததே. ஈரலழற்சி பீ வைரசு உலர்ந்த குருதியிலும் 7 நாளேனும் தொற்றும் வலுவுடனிருக்கும். குழாயியை வாயால் உறிஞ்சும் பழைய வழக்கம் இன்று விலக்கப்பட்டுள்ளது. எந்நோயாளரின் குருதியையும் தொற்றுடையதாகவே கருதுமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையங்கள் 1987 இல் விதந்துரைத்தன.

இறுதியாகப் பெயர்ச்சீட்டு. அற்பமெனத் தோன்றும் இதிலே நேரும் தவறு, மேற்கூறிய எல்லாக் கவனத்தையும் வீணாக்கிவிடும். ஒரே விடுதியில் இரு கந்தசாமிகள் படுத்திருத்தல் அரிதன்று. எனவே நோயாளரிடமே பெயரைக் கேட்டறிந்து, குருதி எடுத்தவுடன் படுக்கையருகிலேயே சீட்டை ஒட்டி, எடுத்த நேரத்தையும் அதிற் குறித்தல் வேண்டும்.